பாட்டு உள்ளே, ஜெபம் வெளியே

எல்லப்பன் வீட்டு இரும்பு கேட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தச் சாமியும் அதைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. பெருமாள் வீதி உலா வரும்போது தெருவில் வாசலுக்கு வாசல் தேங்காய்த் தட்டு காத்திருக்கும். அந்த ஒரு வீட்டில் மட்டும் கேட்டு சாத்தியிருக்கும். ஆடி மாதக் கூழுக்கு வசூல் செய்ய வருகிறவர்கள் அந்த வாசலை ஏறிட்டுப் பார்க்காமல் அடுத்த வாசலுக்குப் போய்விடுவார்கள். இதில் யாருக்கும் கோபம் இருந்ததில்லை. மண்ணாங்கட்டி வீடு அப்படித்தான் என்று ஊர் ஒப்புக்கொண்டு இரண்டு தலைமுறை ஆகிறது.

மண்ணாங்கட்டி என்பவர் எல்லப்பனின் தகப்பனார். அவருக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் ஒன்றும் தங்காததால், எமன் கண்ணில் பட்டாலும் வேண்டாம் என்று விட்டுப் போகட்டும் என அந்தப் பேரை வைத்தார்கள். பின்னாளில் அவர் கறுப்புச் சட்டை போட்டு மேடையேறி, சாமியும் இல்லை எமனும் இல்லை என்று பேசத் தொடங்கியதும், கூட இருந்தவர்கள் பேரை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். எமனுக்குப் பயந்து வைத்த பேரை ஊருக்கு வெட்கப்பட்டு மாற்றுவதா என்று கேட்டுவிட்டு அதே பேரோடு வாழ்ந்து முடித்தார். அவருடைய பிள்ளைதான் எல்லப்பன். வாயில் ஒன்று, நெஞ்சில் ஒன்று என்பது அந்தக் குடும்பத்தில் கிடையாது. அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் மாலை மாற்றிக்கொள்வார்கள், பெரியவர்கள் பேசுவார்கள், பந்தி போடுவார்கள். சாவு விழுந்தாலும் பேசுவார்கள், பிறகு மண்ணில் வைப்பார்கள். நம்பாததைச் சொல்வதில்லை. அதுதான் அந்த வீட்டின் மானம்.

அந்த மானத்துக்குப் போன மார்கழியில் ஒரு சோதனை வந்தது. வந்த வழிதான் விசித்திரம். பாட்டு வழியாக வந்தது.

படப்பையிலிருந்து ஒரகடம் போகிற சாலைக்குப் பக்கத்தில் எல்லப்பன் வீடு. நிலத்தின் பெரும்பகுதி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு, மிஞ்சிய இடத்தில் வீட்டை ஒட்டி வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். குடியிருந்தவர்கள் எல்லாரும் தெற்கத்திப் பிள்ளைகள், கம்பெனிகளில் வேலை. அவர்களில் முத்துச்செல்வி திருச்செந்தூர் பக்கத்துப் பெண். வயர் தயாரிக்கும் கம்பெனியில் லைன் வேலை. ஞாயிறு தவறாமல் ஒரகடத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே நடக்கும் ஜெபக் கூட்டத்துக்குப் போய்விடுவாள்.

அவள் குடிவந்த வருஷமே டிசம்பரில் வந்து நின்றாள். சபையிலிருந்து கேரல் பாட வீடு வீடாக வருவார்கள், தன் அறைக்கும் வரவேண்டும் என்று ஆசை, அய்யா சம்மதிக்க வேண்டும் என்றாள். எல்லப்பன் யோசித்தார். வாடகை கொடுத்துக் குடியிருக்கிற பெண்; அவள் அறை அவள் உரிமை. ஆனால் முற்றம் தன்னுடையது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். பாட்டு எவ்வளவு வேண்டுமானாலும் முற்றத்தில் பாடலாம். ஜெபம் மட்டும் கேட்டுக்கு வெளியே.

முத்துச்செல்வி அதற்கும் சரி என்றாள். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு டிசம்பரிலும் மினி வேனில் வந்து இறங்குவார்கள். ஒரு கிதார், ஒரு டிரம், முகமூடி மாட்டிய கிறிஸ்துமஸ் தாத்தா ஒருவர். முற்றத்தில் நின்று நாலைந்து பாட்டு பாடுவார்கள். தாத்தா ஆடி முடித்துப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பார். பிறகு எல்லாரும் வரிசையாக வெளியே போய், கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் புழுதி கிளப்புகிற சாலை ஓரத்தில் கண்ணை மூடி நின்று, முத்துச்செல்வியின் குடும்பத்துக்காக ஜெபம் செய்வார்கள். ஜெபம் முடிந்ததும் திரும்ப உள்ளே வந்து டீ குடிப்பார்கள். சபையில் இந்த வீட்டுக்கு 'ரோட்டு ஜெப வீடு' என்றே பேர் ஆகிவிட்டதாம்.

முதல் வருஷம் எல்லப்பன் வீட்டுக்குள்ளேயே இருந்தார். அடுத்த வருஷம் ஜன்னலைத் திறந்துவைத்தார். அதற்கடுத்த வருஷம் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பகல் முழுக்க லைனில் நின்ற பிள்ளைகள், கன்னத்தில் மாஸ்க் தடம் மறையாமல் வந்து நின்று, ஒரு குரலுக்கு அடியில் இன்னொரு குரலை வைத்துப் பாடுவது அவருக்குப் பிடித்திருந்தது. கதையும் பிடித்திருந்தது. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்குச் சத்திரத்தில் ஒரு அறை கிடைக்கவில்லை, மாட்டுக் கொட்டகையில் பிரசவம். வாடகை அறையில் இருக்கிறவர்கள் அதைப் பாட, அறைகளுக்குச் சொந்தக்காரர் உட்கார்ந்து கேட்கிறார். அந்தச் சத்திரக்காரன் இடத்தில் தான் இருந்தால் அட்வான்ஸ் கேட்டிருப்போமோ என்று ஒரு முறை பாப்பம்மாளிடம் சொல்லிச் சிரித்தார். பாப்பம்மாள் அவர் மனைவி. அவள் சிரிக்கவில்லை. நீ கேட்டுத்தான் இருப்பே என்றாள்.

நம்பிக்கை வரவில்லை. அதில் எல்லப்பனுக்குச் சந்தேகமே கிடையாது. பாட்டு முடிந்தால் முடிந்தது. சாப்பிட்டுப் படுத்துத் தூங்கிவிடுவார்.

*

போன மார்கழி பிறந்து சில நாள் ஆகியிருந்தது. டீக்கடையில் நாலு பேர் இருக்கும்போது புருஷோத்தமன் பேச்சை எடுத்தார். புருஷோத்தமன் பாப்பம்மாளின் தம்பி. தண்ணி லாரி ஓட்டிச் சம்பாதித்தவர். சில வருஷமாக நின்றுபோயிருந்த மார்கழி பஜனையை மறுபடி எடுத்து நடத்துகிறவரும் அவர்தான். ஆர்மோனியம், ஜால்ரா, கையில் பிடிக்கிற மைக்கு என்று விடியலில் தெருத் தெருவாகப் போவார்கள். எல்லப்பன் வாசல் வந்தால் குரலைக் கொஞ்சம் ஏற்றிப் பாடுவார் என்று சொல்லிக்கொள்வார்கள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனச்சிக்காத" என்றார்.

"தப்பா நெனைக்கிற மாதிரி கேட்டா தப்பாத்தான் நெனப்பேன். கேளு."

"மார்கழி பூரா பாடிக்கினு உன் வாசல தாண்டித்தான் போறோம். ஒரு நாளு கேட்டு தொறந்ததில்ல. கொள்கை, சரி. அந்தக் கேரல் பசங்க வந்தா மட்டும் உள்ள வுட்டு, சேர் போட்டுக் கேக்கறியாமே. சாமியே இல்லன்றவனுக்கு அவங்க சாமி மட்டும் எப்டி இனிக்குது?"

ஜெபத்தை உள்ளே விடுவதில்லை, பாட்டு மட்டும்தான் என்று எல்லப்பன் சொன்னார். தங்களுடையதும் பாட்டுத்தான், கற்பூரத்தை வேண்டுமானால் வெளியே வைத்துக்கொள்கிறோம் என்றார் புருஷோத்தமன். கடையில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எல்லப்பனைத் தொடவில்லை. பெஞ்சின் ஓரத்தில் இருந்து யாரோ, மண்ணாங்கட்டி புள்ள மெதுவா அந்தப் பக்கம் சாயறாரு போல என்று சொன்னதுதான் தைத்தது.

புருஷோத்தமன் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டார். "வர்ற ஞாயித்துக்கிழம விடியக்காலம் பஜனை உன் வாசல்ல வந்து நிக்கும். எங்களுக்கும் தொற. இல்லாங்காட்டி சனிக்கிழம கேரல் வரும்போது அவங்களுக்கும் சாத்து. ரெண்டுல எது செஞ்சாலும் நீ நாத்திகன்னு நானே ஊர்ல சொல்றேன். ரெண்டும் செய்யலன்னா, அப்புறம் ஊரு சொல்றத நான் தடுக்க முடியாது."

எல்லப்பன் டீயைக் குடித்து முடித்துத்தான் எழுந்தார். பாதியில் எழுந்து போனார் என்ற பேர் வேண்டாம் என்பதற்காக. ஆனால் அந்த டீயின் ருசி அவருக்குத் தெரியவில்லை.

மச்சான் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது. நியாயம் எதிராளி பக்கம் இருப்பதுதான் மானஸ்தனுக்குப் பெரிய வாதை.

பஜனையை ஏன் தாங்க முடியவில்லை என்பது எல்லப்பனுக்குத் தெரியாமல் இல்லை. தகப்பனார் மண்ணாங்கட்டி வயசுக் காலத்தில் பஜனைக் கோஷ்டியில் பாடியவர். சாதாரணமாக அல்ல, முதல் குரல் அவருடையது. தெருவெல்லாம் பாடி வந்து கடைசியில் கோயில் முன்மண்டபத்தில் முடிப்பார்கள். ஒரு வருஷம் காஞ்சிபுரத்திலிருந்து யாரோ பெரிய மனிதர்கள் மண்டபத்தில் உட்கார்ந்து கேட்க வந்திருந்தார்கள். கோயில் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கோஷ்டியை வாசலில் நிறுத்தி, இன்றைக்கு மதிலுக்கு வெளியே நின்று பாடுங்கள், குரல் நன்றாகவே உள்ளே கேட்கும் என்றார்கள். மற்றவர்கள் நின்று பாடினார்கள். மண்ணாங்கட்டியும் எடுத்த பாட்டைப் பாடி முடித்தார். ஜால்ராவை மதில்மேல் வைத்தார். அதற்குப் பிறகு அவர் எந்தச் சாமிக்கும் பாடவில்லை. ஆனால் மார்கழிக் குளிரில் மாட்டைக் கழுவும்போது, தன்னை அறியாமல் அதே மெட்டு மூக்கு வழியாக வரும். பிள்ளை பார்ப்பதைக் கண்டால் நிறுத்திவிடுவார்.

அந்த மெட்டுதான் ஒவ்வொரு மார்கழியும் கேட்டுக்கு வெளியே போகிறது.

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லப்பன் கடைசி அறைக்குப் போனார். அங்கே குடியிருந்தவன் அருள்பாண்டி. நாசரேத் பக்கத்து ஆள், இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி வேலை. அறை பார்க்க வந்த அன்றே, எந்தச் சபைக்குப் போகிறாய் என்று முத்துச்செல்வி கேட்டதற்கு, எனக்கு அதில் நம்பிக்கை போயிருச்சு என்று பட்டென்று சொன்னவன். அந்த ஒரு பதிலுக்காகவே எல்லப்பனுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. கேரல் வருகிற அன்று அவன் அறையில் இருக்கமாட்டான். ஓவர்டைம் போட்டுக்கொள்வான், இல்லையென்றால் பைக்கை எடுத்துக்கொண்டு படப்பைப் பக்கம் போய்விடுவான். தன்னைவிடக் கண்டிப்பானவன் என்று எல்லப்பன் மனசுக்குள் மெச்சிக்கொண்டிருந்தார்.

அவன் ஷிப்ட் முடிந்து வந்து, வாசலில் உட்கார்ந்து சேஃப்டி ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். எல்லப்பன் டீக்கடையில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். நீ கேட்காமல் எழுந்து போவதுதான் சரியான வழியா, நான் உட்கார்ந்து பாட்டுக் கேட்டது தப்பா என்று கேட்டார். இன்னொருவரிடம் இப்படிக் கேட்பது அவர் பழக்கம் அல்ல.

அருள்பாண்டி ஷூவை வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"நான் கொள்கைக்குப் போகல அய்யா. பயந்துட்டுப் போறேன்."

"இன்னாத்துக்கு பயம்?"

"எங்கப்பா சர்ச்சுல உபதேசியார். நான் பொடியனா இருக்கையிலருந்து கேரல்ல பேஸ் பாடுனவன். அந்தப் பாட்டு காதுல விழுந்தா வாய் தானா கீழ் குரலப் புடிச்சிரும். மனசு நம்பாது, வாய் நம்பும். பாடி முடிச்சப் பெறவு யாருன்னே தெரியாத மாதிரி ஒரு மாதிரி இருக்கும். எங்கப்பாட்ட எல்லாத்தையும் சொல்லிட்டு வந்தாச்சு. அவுகளும் பேசுறதில்ல. அப்புறம் இங்க வந்து நின்னு பாடுனா நல்லாவா இருக்கும்?" சாக்ஸை உருவிக்கொண்டே, "உங்களுக்கு அது பாட்டு அய்யா. எனக்கு அது எங்க வீடு" என்றான்.

 அப்படியானால் விடியலில் போகிற இந்த பஜனை உன்னை என்ன செய்கிறது என்று எல்லப்பன் கேட்டார்.

அருள்பாண்டி சிரித்தான். "அதுவா? ஜன்னலத் தொறந்து வச்சிக் கேப்பேன். ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கெளம்பையில நல்லாருக்கும்லா."

அந்தப் பதில் எல்லப்பனை உட்கார வைத்தது. மெய்யாகவே படியில் உட்கார்ந்துவிட்டார். இவனுக்குக் கேரல் வீடு, பஜனை பாட்டு. தனக்குப் பஜனை வீடு, கேரல் பாட்டு. இருவரும் நம்பாதவர்கள்தான். ஆனால் தான் கொள்கை என்று நினைத்துச் சாத்திய கேட்டுக்குப் பின்னால் கொள்கை பாதி, தகப்பனாரின் காயம் பாதி. இத்தனை வருஷம் இரண்டையும் ஒன்றென்று நினைத்திருந்தார்.

"இன்னொண்ணு சொல்லுதேன், கோவப்படாதிய" என்றான் அருள்பாண்டி. "ஜெபத்த வெளிய வச்சிட்டோம்னு நெனைக்கிய. அந்தப் பாட்டுதான் ஜெபம். ரோட்டுல நிக்கது சும்மா முடிவு."

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் எல்லப்பன் பாப்பம்மாளிடம் சொன்னார், சனிக்கிழமை கேரலை நிறுத்திவிடப் போவதாக. இரண்டு பக்கமும் சாத்திவிட்டால் யாரும் வாய் திறக்க முடியாது என்றார். நியாயமும் நேராகிவிடும்.

பாப்பம்மாள் ரசத்தை ஊற்றினாள். அவர்களுடைய கல்யாண மேடையில் பேசியவர், புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடு என்று அவளுக்கு அறிவுரை சொல்லியிருந்தார். பேர் வாயில் வரவில்லை; 'நீ' வந்தது. அதோடு சரி.

"உங்கப்பாவ மதிலுக்கு வெளிய நிறுத்தி, குரல மட்டும் உள்ள வாங்கிக்கினாங்கோ. அத எத்தினி மேடையில சொல்லிக்கீற" என்றாள். "அந்தப் பொண்ண வருசா வருசம் ரோட்ல நிறுத்தறியே, அது இன்னா?"

எல்லப்பன் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்று சொல்ல வந்தார். கோயில் ஊருக்குப் பொது, முற்றம் தன்னுடையது. அங்கே சாதி பார்த்து நிறுத்தினார்கள், தான் யாரையும் சாதி பார்க்கவில்லை. எல்லாம் சரியான வாதங்கள். மேடையில் சொன்னால் கை தட்டுவார்கள். பாப்பம்மாள் தட்டமாட்டாள்.

சாப்பிட்டு எழுந்தபோது மட்டும், உன் தம்பியிடம் சொல்லிவிடு, ஞாயிற்றுக்கிழமை கேட்டு திறந்திருக்கும் என்றார்.

*

சனிக்கிழமை விளக்கு வைத்த நேரத்துக்கு வேன் வந்தது. அன்றைக்கு நல்ல பனி. முத்துச்செல்வி புதுப்புடவை கட்டி, தன் அறை வாசலில் நட்சத்திர விளக்கு மாட்டியிருந்தாள். பிள்ளைகள் முற்றத்தில் அரைவட்டமாக நின்று பாடினார்கள். எல்லப்பன் நாற்காலியில் முதுகு சாய்க்காமல் உட்கார்ந்து கேட்டார். இந்த வருஷம் அவருக்கு வார்த்தைகளும் கேட்டன. முன்பெல்லாம் குரல்களை மட்டும் கேட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. அருள்பாண்டி சொன்னது மெய். ஒவ்வொரு அடியும் யாரையோ கூப்பிட்டது, கேட்டது, நன்றி சொன்னது. ஜெபமாகத்தான் இருந்தது. இருந்தும் நன்றாக இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்து எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

பாட்டு முடிந்தது. தாத்தா வேஷக்காரர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றி வியர்வையைத் துடைத்தார். வழக்கப்படி எல்லாரும் கேட்டைப் பார்த்து நகர்ந்தார்கள். முத்துச்செல்வி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதலில் நடந்தாள்.

"நில்லும்மா" என்றார் எல்லப்பன்.

எல்லாரும் நின்றார்கள். பாட்டுக்கே தடை வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஊரில் நடந்த பேச்சு அவர்கள் காதுக்கும் போயிருந்தது.

"இங்கயே பண்ணுங்கோ. நான் வெளிய போய் நிக்கறேன். முடிஞ்சதும் கொரல் குடுங்கோ."

"அய்யா, நீங்க எதுக்கு... நாங்க பழகிட்டோம்லா" என்றாள் முத்துச்செல்வி.

"எனக்கும் பழகிடும்" என்று சொல்லிவிட்டுத் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டிச் சாலைக்குப் போனார்.

சாலை ஓரத்தில் லாரி வெளிச்சம் கண்ணைக் குத்தியது. எதிர்ப் பக்கம் புளியமரத்தடியில் பைக்கின் மேல் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அருள்பாண்டி. படப்பைக்குப் போகவில்லை. எல்லப்பனைப் பார்த்ததும் இறங்கி நின்றான். பாடினாயா என்று எல்லப்பன் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. உள்ளே பாஸ்டர் ஒவ்வொருவர் பேராகச் சொல்லி வேண்டிக்கொண்டிருந்தது அரைகுறையாகக் கேட்டது. அதில் எல்லப்பன், பாப்பம்மாள் பேரும் வந்தது. எல்லப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். இரண்டு பேரும் கைகட்டி, பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மாதிரி நின்றார்கள்.

*

ஞாயிற்றுக்கிழமை விடியலில் பஜனை வந்தது. கேட்டு அகலத் திறந்திருந்தது. நாற்காலி நேற்றுப் போட்ட இடத்திலேயே இருந்தது. எல்லப்பன் குளித்து, வெள்ளை வேட்டி சட்டையோடு அதில் உட்கார்ந்திருந்தார். வேடிக்கை பார்க்க ஊரில் பாதிப் பேர் பின்னால் வந்திருந்தார்கள். புருஷோத்தமன் உள்ளே காலை வைத்ததும் ஒரு நொடி தயங்கினார். அக்காவைக் கட்டிக் கொடுத்த நாளிலிருந்து இந்த முற்றத்தில் அவர் நெற்றியில் நாமத்தோடு நின்றதில்லை.

"பாடு மச்சான். மைக்கு வேணாம், குரலு போதும்" என்றார் எல்லப்பன்.

ஆர்மோனியம் சுருதி பிடித்தது. முதல் பாட்டை எல்லப்பன் தாங்கிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியாமல் வைத்திருப்பது அவருக்குக் கைவந்த கலை. இரண்டாவது பாட்டு எழுந்தபோது அவர் விரல்கள் நாற்காலிக் கையைப் பற்றிக்கொண்டன. அது அந்த மெட்டு. மாட்டின் முதுகில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே, பிள்ளை பார்க்கிறானா என்று திரும்பிப் பார்த்துப் பாதியில் நிறுத்திய மெட்டு. இங்கே யாரும் நிறுத்தவில்லை. பாதிக்கு அப்பால் அது எப்படிப் போகும் என்று எல்லப்பன் அறிந்ததில்லை. இப்போது போயிற்று, மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, பள்ளத்தில் தண்ணீர் இறங்குகிற மாதிரி இறங்கிற்று. அடி திரும்ப வந்தபோது கூட ஒரு குரல் சேர்ந்திருந்தது. கனத்த, பழகாத, கொஞ்சம் கரகரத்த குரல். கோஷ்டியில் இருந்தவர்கள் தலையைத் திருப்பிய பிறகுதான் அது தன்னுடைய குரல் என்று அவருக்கே தெரிந்தது.

நிறுத்தியிருக்கலாம். வாயை மூடித் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தால், இருமல் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அது பொய். எடுத்த பாட்டை முடித்துவிட்டுத்தான் ஜால்ராவை வைத்தார் தகப்பனார். எல்லப்பனும் அந்த அடியை முழுசாகப் பாடி முடித்தார்.

வேடிக்கை பார்த்தவர்களிடையே ஒரு சலசலப்பு. புருஷோத்தமன் முகத்தில் வந்த வெளிச்சத்தை மறைக்க அவர் முயலவில்லை. கற்பூரத்தைத் தட்டில் வைத்துக் கொளுத்தப் போனார். எல்லப்பன் எழுந்தார்.

"எங்க மாமா போற? இப்பதான பாடின."

"பாடினேன்" என்றார் எல்லப்பன். கூட்டத்தில் கடைசியில் நின்றவனுக்கும் கேட்கிற குரலில் சொன்னார். "நம்பல. பாடினதும் நெசம், நம்பாததும் நெசம். ஊர்ல சொல்றதா இருந்தா ரெண்டையும் சேத்துச் சொல்லு."

"ஊரு ஒண்ணத்தான் சொல்லும், மாமா."

"சொல்லிட்டுப் போவுது."

புருஷோத்தமன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். தாங்கள் வெளியே போய்க் கற்பூரம் காட்டுவதாகத்தானே பேச்சு என்று மெதுவாகச் சொன்னார். அவர் குரலில் இப்போது டீக்கடை இல்லை.

"யாரும் வெளிய போவ வேணாம். நான் போறேன். அது எனக்கு நேத்தே பழகிடிச்சி" என்று சொல்லி எல்லப்பன் நடந்தார். கூட்டம் விலகி வழி விட்டது. பாப்பம்மாள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போகிறாளா, நேற்று ஜெபத்தின்போது கண்ணை மூடினாளா என்பதெல்லாம் எல்லப்பனுக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் அவளிடம் அதைக் கேட்டதே இல்லை என்பது கேட்டைத் தாண்டும்போதுதான் உறைத்தது. திரும்பிப் பார்க்கலாமா என்று தோன்றியது. பார்க்கவில்லை. அது அவள் காரியம்.

வெளியே பனி கலையவில்லை. ஃபர்ஸ்ட் ஷிப்ட் பஸ் ஒன்று மஞ்சள் விளக்கோடு ஊர்ந்து வந்தது. உள்ளே மணி அடித்தது. தன் வீட்டுக்கு வெளியே, தன் கேட்டுக்கு முன்னால், முதுகு வளையாமல் எல்லப்பன் நின்றார். பால் கேனோடு சைக்கிளில் வந்த பால்காரி சின்னப்பொண்ணு காலை ஊன்றி நின்று, உள்ளே கூட்டத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் பார்த்தால் மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரியும்.

"இன்னா நைனா, உன் வூட்டுக்கு நீயே வெளிய நிக்கற?"

"உள்ள சாமி கும்புட்றாங்கோ" என்றார் எல்லப்பன். "முடிஞ்சதும் போவேன்."